ஒரே கரி, மூன்று ஊர், மூன்று விலை: மின்வாரியம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஜி13 தர நிலக்கரிக்கு (‘ஜி’ எண் கூடக்கூடக் கரியின் வெப்பம் குறையும்) மத்திய அரசின் கோல் இந்தியா நிறுவனம் 2018 ஜனவரியில் மின் நிலையங்களுக்காக அறிவித்த விலை டன்னுக்கு 817 ரூபாய். ராயல்டி 14 சதவீதம், மாவட்டக் கனிம நிதி, ஏற்றுகூலி, வரி எல்லாம் சேர்த்தாலும் சுரங்க வாசலில் ஆயிரத்துச் சொச்சம்தான். அதே கரி ஒடிசாவிலிருந்து புறப்பட்டு மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பங்கருக்குள் (கரித் தொட்டிக்குள்) விழும்போது அதன் விலை பல மடங்காகியிருக்கும். கூடிய தொகையில் பெரும்பகுதி வழிச்செலவு: ரயில், துறைமுகம், கப்பல், மறுபடி துறைமுகம், மறுபடி ரயில். ஆகவே ‘நிலக்கரி விலை ஏறிவிட்டது’ என்று வாரியம் சொல்லும்போதெல்லாம் ஏறியது கரியா, வழியா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

தமிழ்நாட்டின் சொந்த அனல்மின் நிலையங்கள் இவை: தூத்துக்குடி 1,050 மெகாவாட், மேட்டூர் 840-உம் 600-உம், வடசென்னை 630-உம் 1,200-உம். ஆக மொத்தம் 4,320. இவை முழுத்திறனில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 72,000 டன் கரி வேண்டும். 2024-ல் திறக்கப்பட்ட வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் இந்தக் கணக்குக்கு வெளியே. டன்னுக்கு நூறு ரூபாய் ஏறினால் முழு ஓட்டத்தில் நாளொன்றுக்கு 72 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 பைசா. கேட்கச் சின்னத் தொகை. ஆனால் 2025 ஜூலையில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த கட்டண உயர்வே 3.16 சதவீதம்தான், அதிலும் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசு மானியமாக ஏற்றுக்கொண்டது. சரக்குக் கட்டணத்தில் வரும் ஒன்றிரண்டு உயர்வுகளே இதைத் தின்றுவிடக்கூடும்.

வாரியத்தின் முன்னால் இருக்கும் வழிகள் பல. ஒடிசா கரியைக் கடல் வழியாகக் கொண்டுவரலாம், முழுக்க ரயிலிலேயே கொண்டுவரலாம். தெலங்கானாவின் சிங்கரேணி சுரங்க நிறுவனத்திடம் வாங்கலாம். இந்தோனேசியாவிலிருந்து இறக்கலாம். கரியைக் கழுவிக் கொண்டுவரலாம். கரியை அங்கேயே எரித்து மின்சாரத்தை மட்டும் கம்பியில் கொண்டுவரலாம். அல்லது எரிக்க வேண்டிய கரியின் அளவையே குறைக்கலாம். பொதுவாக நடக்கும் விவாதம் ‘எது மலிவு’ என்று ஒரே விடையைத் தேடுகிறது. என் கருத்தில் மாநிலம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. வடசென்னை நிலையம் இருக்கும் எண்ணூருக்குச் சரியானது மேட்டூருக்குத் தவறு. தூத்துக்குடியின் கணக்கு இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது.

டன் விலை ஏமாற்றும்

கொதிகலனுக்குத் தேவை வெப்பம். ஒடிசாவிலிருந்து வருவது பெரும்பாலும் கிலோவுக்கு 3,100 முதல் 4,000 கிலோ கலோரி வரையிலான கரி. இந்தோனேசியக் கரியில் 4,200 முதல் 6,000-ஐத் தாண்டியதுவரை பல ரகம் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2,500 கிலோ கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 210 மெகாவாட் அலகுகளுக்கு இது நியாயமான மதிப்பு. 3,500 கலோரிக் கரியானால் யூனிட்டுக்கு 0.71 கிலோ எரியும். 5,000 கலோரிக் கரியானால் அரைக் கிலோ போதும்.

இனி நான் தரும் ரூபாய்க் கணக்குகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள். உண்மை பில்கள் கையில் உள்ளவர்கள் அவற்றைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் போக்கு மாறாது. எண்ணூர் கரையில் உள்நாட்டுக் கரி (3,500 கலோரி) டன் 4,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்தால் யூனிட்டுக்கு எரிபொருள் செலவு 3.21 ரூபாய். இறக்குமதிக் கரி (5,000 கலோரி) டன் 7,500 ரூபாய் என்றால் 3.75 ரூபாய். டன் விலையில் மூவாயிரம் ரூபாய் இடைவெளி. யூனிட்டுக்கு வரும்போது அது 54 பைசாதான்.

கவனிக்க வேண்டியது அடுத்தது. இரண்டு கரிக்கும் வழிச்செலவு டன்னுக்கு 300 ரூபாய் கூடினால், உள்நாட்டுக் கரியில் யூனிட்டுக்கு 21 பைசா ஏறும். இறக்குமதியில் 15 பைசாதான் ஏறும். தரம் குறைந்த கரியைத் தொலைதூரம் இழுத்துவருகிறவனுக்குத்தான் சரக்குக் கட்டண உயர்வு அதிகம் வலிக்கும். உள்நாட்டு வழிச்செலவு மட்டும் 750 ரூபாய் ஏறினால் இரண்டும் சமமாகிவிடும். ‘உள்நாட்டுக் கரி எப்போதும் மலிவு’ என்ற நம்பிக்கை இந்த 750 ரூபாய் இடைவெளியில்தான் நிற்கிறது.

கடல் வழி, எண்ணூருக்கு

ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தால் எண்ணூர். காமராஜர் துறைமுகம் 2001-ல் தொடங்கப்பட்டதே முக்கியமாக வடசென்னை அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்கத்தான். கப்பலிலிருந்து கன்வேயரில் ஏறி நேராக நிலையத்துக்குள் போய்விடும். ஒரு ரேக்கில் (ஒரு முழுச் சரக்கு ரயிலில்) ஏறத்தாழ 4,000 டன் வரும். 70,000 டன் கப்பல் ஒன்று பதினெட்டு ரேக்குக்குச் சமம். தண்டவாளத்தில் இடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாநிலத்துக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1974-ல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம் ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ என்று சொந்தக் கப்பல்களையே வைத்துக் கரி ஏற்றிய காலம் இருந்தது. வாடகைக் கப்பல் என்றால் சந்தை நிலவரத்தோடு வாடகையும் ஏறி இறங்கும், எண்ணெய் விலை ஏறினால் அதுவும் சேரும். துறைமுகத்தில் கப்பல் காத்துக்கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் வேறு. வங்காள விரிகுடாவில் புயல் எழும்போது பாரதீப்பில் கரி ஏற்றுவது நிற்கும்: 2019 மே மாதம் ஃபானி, 2021 மே மாதம் யாஸ், 2024 அக்டோபரில் டானா. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கமும் சேர்ந்து சிக்கும். சுரங்கத்துக்குத் தொலைவில் உள்ள நிலையங்கள் பருவத்துக்கு ஏற்ப 20 முதல் 26 நாள் இருப்பு வைக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2021-ல் வகுத்த விதி வெறும் காகித விதி அல்ல. செப்டம்பர் முடிவதற்குள் அது நிறைந்திருக்க வேண்டும்.

இத்தனை தொல்லை இருந்தும் வடசென்னைக்கு ஒடிசா கரியைக் கடலில் கொண்டுவருவதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரயில் ஒரு சிறு துண்டு மட்டும், மீதி கடல், கடைசியில் கன்வேயர். இங்கே சேமிக்க வேண்டியது காத்திருப்பில்தான். பாரதீப்பில் கப்பல் நிற்கும் நாட்களைக் குறைத்தால் கிடைக்கும் மிச்சம், வேறு கரி தேடி அலைவதில் கிடைக்காது.

மேட்டூர்: மூன்றாவது கட்டம்

மேட்டூரில் நிலையம் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அணையில் தண்ணீர், பக்கத்தில் சேலம், ஈரோடு, கோவைத் தொழில்கள். கரி மட்டும் பக்கத்தில் இல்லை. கடல் வழியாக எண்ணூரில் இறங்கிய கரி மறுபடி ரேக்கில் ஏறி அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் போக வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு டன்னுக்கு 800 ரூபாய் என்று வைத்தால், எண்ணூரில் 3.21 ரூபாயாக இருந்த யூனிட் செலவு மேட்டூரில் 3.79 ஆகிறது. மாநிலத்தின் வழிச்செலவுப் பணம் அதிகம் ஒழுகும் இடம் இதுதான்.

முழுக்க ரயிலிலேயே கொண்டுவந்தால்? தால்சேரிலிருந்து விசாகப்பட்டினம், விஜயவாடா வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். ரயில்வேயின் கட்டண முறையில் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். ஒரே மூச்சில் 1,600 கிலோமீட்டர் போகும் கரிக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கும். ஒடிசாவில் 200, தமிழ்நாட்டில் 400 என்று இரண்டாக உடைந்த பயணத்துக்கு இரண்டு முறையும் தொடக்க தூரத்தின் உயர்ந்த கட்டணம். எனவே கடல் வழியின் லாபம் மேட்டூரை எட்டுவதற்குள் கணிசமாகத் தேய்ந்துவிடுகிறது. துறைமுகத்தில் இரண்டு முறை அள்ளிக் கொட்டுவதால் தூளாகிச் சிந்தும் கரியும் உண்டு.

ஆனால் ரயில் வழிக்கு இரண்டு கெட்ட குணங்கள். முதலாவது, ரேக் கிடைக்க வேண்டும். 2022 ஏப்ரல், மே மாதங்களில் கரி ரேக்குகளுக்கு வழிவிட நாடெங்கும் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயில் சேவைகளை ரத்து செய்ய நேர்ந்தது. அப்போதும் பல நிலையங்களில் கையிருப்பு கரைந்தது. இரண்டாவது, விலையை வைப்பவர் ஒருவரே. ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. பயணிகள் கட்டணத்தில் வரும் நஷ்டத்தைச் சரக்குக் கட்டணத்தில் ஈடுகட்டுவது ரயில்வேயின் நெடுநாள் பழக்கம். 2018-ல் நிலக்கரிக்கான சரக்குக் கட்டணம் ஏறியபோது மின்வாரியங்களால் முனகத்தான் முடிந்தது. சென்னை–சேலம் டிக்கெட்டில் நமக்கு மிச்சமாவதில் ஒரு பங்கை மின்கட்டணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

சிங்கரேணிக்கு இங்கேதான் இடம் வருகிறது. மணுகூரு, கொத்தகூடம் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து மேட்டூர் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். கப்பலும் துறைமுகமும் வேண்டாம். ஏற்றினால் ஒரே இறக்கம். சிங்கரேணியின் கரி கோல் இந்தியாவின் விலையைவிட அதிகம் என்பது எல்லோரும் அறிந்தது. அந்த அதிக விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் சுரங்க வாசல் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். மேட்டூர் பங்கரில் விழும் விலையை, அதுவும் ஆயிரம் கலோரிக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால், ஒடிசாவின் மலிவு அங்கே எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரியும். தெலங்கானாவின் சொந்த நிலையங்களுக்குப் போக மீதிதான் வெளி மாநிலங்களுக்கு என்பதால் விரும்பிய அளவு கிடைக்காது. கிடைப்பதை எல்லா நிலையங்களுக்கும் பிரித்துத் தூவாமல் மேட்டூருக்கு மட்டும் ஒதுக்கலாம் என்பேன். எண்ணூர்க் கரையில் சிங்கரேணிக் கரி எரிவது வீண்.

கழுவினால் என்ன?

ஒடிசா கரியில் சாம்பல் 40 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். நாளொன்றுக்கு 72,000 டன் என்றால் அதில் 28,800 டன் எரியாத சாம்பல். பதினெட்டு ரேக்கில் ஏழு ரேக் மண்ணை ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் பயணம். வந்த பிறகு அதைச் சாம்பல் குட்டையில் கொட்ட இடம் தேட வேண்டும். சுரங்கத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் கரியில் சாம்பல் 34 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2014-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி போட்டது. 2020 மே மாதம் அதுவே அந்த விதியை நீக்கியது. கழுவுவதால் செலவுதான் கூடுகிறது, கழுவிக் கழித்த கரியை யாரோ வேறிடத்தில் எரிக்கத்தான் செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதில் உண்மையும் உண்டு.

இதையும் ஊர்வாரியாகத்தான் பார்க்க வேண்டும். கழுவும் செலவும் கழிவில் போகும் கரியும் எல்லா இடத்துக்கும் ஒன்றே; மிச்சமாகும் வழிச்செலவு தூரத்தைப் பொறுத்தது. வடசென்னையில் கட்டுப்படியாகாதது, மூன்று கட்டப் பயணம் போகும் மேட்டூரில் கட்டுப்படியாகலாம். மொத்தத்துக்கும் கழுவிய கரி என்று டெண்டர் விடுவதைவிட மேட்டூருக்கு மட்டும் ஒரு பங்கு வாங்கி ஓராண்டு எரித்துப் பார்ப்பது நல்லது.

இந்தோனேசியா, தூத்துக்குடிக்கு

தூத்துக்குடியின் சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. பாக் நீரிணை ஆழமில்லாதது. பாரதீப்பிலிருந்து வரும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வ.உ.சி. துறைமுகத்துக்கு வர வேண்டும்; எண்ணூருக்கான கடல் தூரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதைச் சுருக்கத்தான் 2005-ல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது. 2007-ல் உச்ச நீதிமன்றத் தடையோடு நின்றது. அந்தக் கால்வாயில் இந்த அளவு கரிக்கப்பல்கள் லாபமாகப் போயிருக்குமா என்பது தனி வழக்கு. இன்றைய நிலையில் சுற்றுவழிதான்.

சுற்றுவழிக்கு டன்னுக்கு 350 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் தூத்துக்குடியில் ஒடிசா கரியின் செலவு யூனிட்டுக்கு 3.46 ரூபாய். இந்தோனேசியாவிலிருந்து நேராக வரும் கப்பலுக்கு இந்தச் சுற்று இல்லை, அது 3.75-லேயே நிற்கும். எண்ணூரில் 54 பைசாவாக இருந்த இடைவெளி இங்கே 29 பைசா. மேட்டூரில் இறக்குமதிக் கரிக்கும் அதே 800 ரூபாய் ரயில் செலவு உண்டு என்பதால் அங்கே 3.79-க்கு எதிராக 4.15, இடைவெளி 36 பைசா. மூன்று ஊரில் இறக்குமதிக்கு ஓரளவாவது வாதம் இருப்பது தூத்துக்குடியில்தான்.

இதை 2025 செப்டம்பர் 22 மாற்றிவிட்டது. அதுவரை நிலக்கரிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யும் டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு வரியும் இருந்தன. அன்று முதல் 400 ரூபாய் போய், ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. மின்சாரம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள வழியில்லை. அப்படியே செலவில் சேரும். சுரங்க மதிப்பு 1,400 ரூபாயான கரிக்கு முன்பு 470 ரூபாய் வரி, இப்போது 252; டன்னுக்கு 218 ரூபாய் லாபம். 6,000 ரூபாய் மதிப்புள்ள இறக்குமதிக் கரிக்கு முன்பு 700, இப்போது 1,080. டன்னுக்கு 380 ரூபாய் கூடுதல். சமப்புள்ளி ஏறத்தாழ 3,077 ரூபாய். அதற்குக் கீழே மதிப்புள்ள கரிக்கு லாபம், மேலே நஷ்டம்.

பழைய வரியில் மேலே சொன்ன தூத்துக்குடிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒடிசா கரி 3.62, இந்தோனேசியக் கரி 3.56. இறக்குமதிதான் மலிவாக இருந்திருக்கும்! புது வரியில் 3.46-க்கு எதிராக 3.75. ஒரு வரி மாற்றம் வரிசையையே புரட்டிப் போட்டிருக்கிறது. 2025 செப்டம்பருக்கு முன் தயாரித்த ஒப்பீட்டுக் கோப்புகளை வைத்து இன்று கரி டெண்டர் முடிவெடுத்தால் தப்பான இடத்தில் போய் நிற்போம்.

இறக்குமதியில் விலையைவிட எனக்குப் பயம் தருவது அதன் நிலையின்மை. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் மின் நிலையங்களுக்குக் கரி பற்றவில்லை என்று ஒரு மாத ஏற்றுமதித் தடை போட்டது. பிறகு உக்ரைன் போர். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் கரி அந்த ஆண்டு டன் 400 டாலரைத் தாண்டியது. சரியாக அதே ஆண்டுதான் மத்திய மின் அமைச்சகம் எல்லா மாநிலங்களையும் பத்து சதவீதம் இறக்குமதிக் கரி கலக்கச் சொன்னது. உச்ச விலையில் வாங்கு என்ற உத்தரவு! பிறகு அது ஆறாகவும் நாலாகவும் குறைந்தது. ஒரு டன் இறக்குமதிக் கரிகூட வாங்காமல் இருப்பதும் ஆபத்து, ஆண்டு முழுக்க அதை நம்புவதும் ஆபத்து. தூத்துக்குடியில் பத்து நாள் தேவைக்குரிய இறக்குமதிக் கரியைக் காப்பீடு போல வைத்திருக்கலாம்; விலை இறங்கியிருக்கும் மாதங்களில் வாங்கி, புயல் மாதங்களில் கலக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வாங்கும்போது ஒன்று. கரியின் கலோரியைக் காற்றில் உலர்ந்த நிலையில் அளந்தால் ஒரு எண், வந்து சேர்ந்த ஈரத்தோடு அளந்தால் அதைவிடக் குறைந்த எண். விற்பவர் முதல் எண்ணைக் காட்டுவார். கொதிகலனுக்குக் கிடைப்பது இரண்டாவது. பணம் கொடுப்பது நிலையத்தில் மாதிரி எடுத்து அளந்த, வந்து சேர்ந்த நிலைக் கலோரிக்குத்தான் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மேலே போட்ட பைசாக் கணக்கெல்லாம் வீண். ஒடிசா கரிக்கும் இது பொருந்தும். சுரங்கத்தில் ஜி12 என்று ஏறியது இங்கே ஜி14 ஆக இறங்கினால் டன்னுக்கு நூறு ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கேயோ போயிருக்கும்.

கரி அங்கே, கம்பி இங்கே

கரியைத் தூக்கிவருவதற்குப் பதில் மின்சாரத்தைக் கொண்டுவரலாம் என்ற யோசனை புதிதல்ல. தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2,000 மெகாவாட் திறனோடு தொடங்கிய எச்.வி.டி.சி. (உயர் அழுத்த நேர்மின்சார) கம்பி 2003 முதல் தென் மாநிலங்களுக்கு மின்சாரம் கொண்டுவருகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொள்ளளவுள்ள 800 கிலோவோல்ட் கம்பி வந்துவிட்டது. ஒடிசாவின் தாலாபிராவில் என்.எல்.சி. தன் சுரங்கத்தை ஒட்டியே மூன்று 800 மெகாவாட் அலகுகள் கட்டுகிறது. அதன் 2,400 மெகாவாட்டில் தமிழ்நாட்டின் பங்கு 1,500.

சுரங்க வாசலில் எரிக்கும்போது சாம்பலுக்கு ரயில் கட்டணம் இல்லை, டெமரேஜ் இல்லை, புயல் கவலை குறைவு. கம்பியில் சில சதவீதம் இழப்பும் மின்வழிக் கட்டணமும் உண்டு. ஆனால் அவை ரயில்வே சரக்குக் கட்டணம் போல ஆண்டுக்கு ஆண்டு அதிர்ச்சி தருவதில்லை. எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால் எல்லா வழிகளையும்விட இதுதான் மலிவு.

சிக்கல் நிலைக்கட்டணத்தில். புது நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டால் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 25 ஆண்டு முதலீட்டுச் செலவைக் கட்ட வேண்டும். மேட்டூரின் பழைய அலகுகளுக்கு அந்தச் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே தாலாபிராவை மேட்டூரின் கரிச் செலவோடு மட்டும் ஒப்பிடுவது நியாயமில்லை. பழைய அலகுகள் ஓய்வு பெறும் நாளில் எதைக் கட்டுவது என்ற கேள்விக்கான விடை அது. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது: நமக்குக் கம்பியில் சுத்தமாக வரும் மின்சாரத்தின் புகையும் சாம்பலும் ஒடிசாவின் ஜார்சுகுடா, அங்குல் மாவட்ட மக்களின் தலையில் இறங்குகின்றன. நெய்வேலியில் நாமே இதைப் பார்த்தவர்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு ரயில் செலவே கிடையாது. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெல்லின் மேல் இயந்திரம் இறங்கியபோது அந்த மலிவின் மறுபக்கம் தெரிந்தது. நெய்வேலியை விரித்துக் கரிப் பற்றாக்குறையைத் தீர்க்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டெல்டாப் பகுதியின் மூன்று தொகுதிகள் 2023-ல் ஏலத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு அந்தப் பேச்சுக்கு இடமும் குறைந்துவிட்டது.

எரிக்காத கரி

2024-ல் மத்திய அரசின் சூரிய மின்சக்திக் கழகமான செகி நடத்திய ஏலங்களில் சூரிய மின்சாரமும் சில மணி நேர பேட்டரியும் சேர்ந்து யூனிட்டுக்கு மூன்றரை ரூபாயை ஒட்டிய விலைக்கு வந்தன. மேட்டூரின் 3.79 எரிபொருளுக்கு மட்டும். அந்த மூன்றரை ரூபாய் முதலீட்டுச் செலவும் அடங்கியது. எரிபொருள் இல்லாததால் 25 ஆண்டுக்கும் ஏறாது.

இதைக் காட்டி நாளையே மேட்டூரை மூடிவிடலாம் என்று எழுதுகிறவர்கள் மாலை ஏழு மணியைப் பார்ப்பதில்லை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை இரவுகளில் ஏ.சி.கள் விடிய விடிய ஓடும். இரண்டு மணி நேர பேட்டரி எட்டு, ஒன்பது மணிக்குக் கையை விரித்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை கைகொடுக்கும், அதுவும் இஷ்டப்படி. அக்டோபரில் காற்றும் ஓய்ந்து, வெயிலும் மங்கும்போது கரிதான். காடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் வந்து சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

ஆனாலும் பகல் நேரத்தில் மேட்டூரின் 210 மெகாவாட் அலகுகளைக் குறைந்தபட்ச அளவில் உருட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் காற்றுக் காலத்தில் இரண்டையாவது முழுதாக நிறுத்திவைப்பது, முதலில் செய்யக்கூடிய, செலவில்லாத காரியம். மாநிலத்திலேயே வழிச்செலவு அதிகமான கரி எரியாமல் மிஞ்சும். அணைத்து எரிக்கும்போது கொதிகலன் குழாய் தேயும், எண்ணெய் செலவாகும் என்று நிலையத்துப் பொறியாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. அதனால்தான் தினமும் அணைத்து எரிப்பதைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதைச் சொல்கிறேன்.

முடிவெடுக்கிற இடத்தில் நான் இருந்தால் வரிசை இப்படி இருக்கும். பாரதீப் கரியில் முதல் உரிமை வடசென்னைக்கு. சிங்கரேணியில் கிடைப்பது மேட்டூரின் 600 மெகாவாட் அலகுக்கு. 210 மெகாவாட் அலகுகள் கோடைக்கும் அக்டோபருக்கும். தூத்துக்குடிக்குச் சுற்றுவழி ஒடிசா கரியும், ஒரு பங்கு காப்பீட்டு இறக்குமதியும். கட்டுமானத்தில் இருக்கும் உடன்குடியின் இரண்டு 660 மெகாவாட் அலகுகளும் கடலுக்குள் நீண்ட சொந்தக் கரி இறங்குதளத்தோடு தூத்துக்குடியின் அதே சுற்றுவழிக் கரையில் வருகின்றன. இறக்குமதிக் கரி கலந்து எரிக்கும் எண்ணத்தோடு கட்டுமானம் தொடங்கியபோது வரி ஐந்து சதவீதமும் நானூறு ரூபாயுமாக இருந்தது. அதற்கான கரி ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் அந்தக் கலப்பு விகிதத்தை 18 சதவீதத்தில் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.